பட்டம் எப்போது சம்பளமாகும்? மலையகத்து ஆசிரியை ஒருத்தியின் கணக்கு

பாடசாலையின் இறுதிப் பரீட்சையான உயர்தரத்தின் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில் எங்கள் பாடசாலைக்கு வரும் பெற்றோரில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டீச்சர், புள்ளைய கெம்பஸுக்கு அனுப்புறதா, பத்தனைக்கு அனுப்புறதா? இல்லாட்டிப் போனா காசு கட்டிப் படிக்க வைக்கிறதா?" கெம்பஸ் என்பது பல்கலைக்கழகம்; பத்தனை என்பது ஆசிரியர்களைப் பயிற்றும் தேசிய கல்வியியற் கல்லூரி ஒன்று இருக்கும் ஊர். பிள்ளை ஆசிரியராக வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு அரசாங்க வேலைக்கான வாசல்களில் அகலமானது ஆசிரியத் தொழில்தான் என்பதை இரண்டு தலைமுறையாக அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். எந்தப் படிப்பு பெரியது என்பதையே அவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நானோ அவர்களிடம் வேறு இரண்டு விடயங்களைத் திருப்பிக் கேட்கிறேன்: முதற் சம்பளம் எந்த ஆண்டில் வீட்டுக்கு வரவேண்டும்? அதுவரை கடன் வாங்காமல் இந்த வீடு எவ்வளவு காலம் தாங்கும்?

இலங்கையில் 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நடைமுறையில் இருக்கிறது. அரச பல்கலைக்கழகத்திலோ தேசிய கல்வியியற் கல்லூரியிலோ முதற் கற்கைக்குக் கட்டணம் இல்லை. ஆகவே, "அரசாங்கத்தில் படித்தால் செலவு இல்லை" என்று எங்கள் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் ஒன்றல்ல. அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு, நிழற்பிரதி, இணையத்துக்கான டேட்டா ஆகியவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். அவற்றை விடப் பெரியது கண்ணுக்குத் தெரியாத செலவு. உழைக்கக்கூடிய வயதில் உழைக்காமல் கழியும் ஆண்டுகளே அது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வாழும் குடும்பத்துக்கு இந்த இரண்டாவது செலவுதான் முதுகை முறிக்கிறது.

என் வீட்டுக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். நான் உயர்தரம் எழுதியது 2010ஆம் ஆண்டு. கலைப்பிரிவில் கிடைத்த பெறுபேறு ஒரு பல்கலைக்கழகத்தில் கலைமாணி (பி.ஏ.) கற்கைக்கும் போதுமானதாக இருந்தது. பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்கும் போதுமானதாக இருந்தது. அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா ஓய்வுபெற்று, அவருடைய ஈ.பி.எப். எனும் ஊழியர் சேமலாப நிதிப் பணம் அண்ணனின் திருமணத்துக்கும் கூரைத் தகரத்துக்கும் போய்விட்டது. தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் செய்த 2011ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி ஒரு நாட்சம்பளம் 515 ரூபா என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அதில் அடிப்படைச் சம்பளம் 380 ரூபா மட்டுமே. மிகுதி, மாதத்தில் குறித்த அளவு நாட்கள் வேலைக்குப் போனால்தான் கிடைக்கும் வருகைக் கொடுப்பனவும் விலைப்பங்குக் கொடுப்பனவும் ஆகும். எடுத்த கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம். மழை பிடித்தால் வேலை நாளே குறைவு. ஆகவே அம்மாவின் வேலை நாட்களை 515 ஆல் பெருக்கிப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை என்று அண்ணன் சொன்னார். ஓர் ஆண்டின் சம்பளச் சீட்டுகளை எடுத்து, மிகக் குறைந்த மூன்று மாதங்களை வைத்தே அவர் கணக்குப் பார்த்தார். இந்த முறையை இன்றும் நான் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளையின் படிப்புக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டியிருப்பதால், வீட்டின் நல்ல மாதத்தை வைத்துத் திட்டம் போடக்கூடாது. மெலிந்த மாதத்தை வைத்துத்தான் போடவேண்டும்.

அந்தக் கணக்கில் பத்தனை வென்றது. தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையை மனதிற்கொண்டு ஜெர்மனியின் உதவியுடன் உருவான அந்தக் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். மூன்றாம் ஆண்டு பாடசாலையொன்றில் கற்பித்துப் பயில வேண்டும். தங்குமிடமும் உணவும் கல்லூரியிலேயே கிடைத்தன. சிறிய மாதக் கொடுப்பனவும் இருந்தது. எனினும் செலவே இருக்கவில்லை என்று சொல்லமாட்டேன். சேரும்போது சேலைகள், சப்பாத்து, விளையாட்டு உடை, படுக்கை விரிப்பு என்று ஒரு நீண்ட பட்டியலுக்குப் பணம் தேவைப்பட்டது. அதற்கு அம்மாவின் காதுத்தோடு அடகுக்குப் போனது. கற்பித்தல் சாதனங்கள் செய்வதற்கான அட்டை, வர்ணம், பசை என்பவை இரண்டு ஆண்டுகளும் சிறுகச் சிறுகக் காசைத் தின்றன. பயிற்சி ஆண்டில் விடுதியும் இல்லை, சம்பளமும் இல்லை. தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டியிருந்ததால் மூன்று ஆண்டுகளில் அதுவே எனக்குக் கடினமான காலமாக இருந்தது. இன்று பத்தனைக்கோ வேறொரு கல்வியியற் கல்லூரிக்கோ பிள்ளையை அனுப்பும் பெற்றோர், "விடுதி இருக்கிறதுதானே" என்று ஆறுதல் அடையாமல், மூன்றாம் ஆண்டுக்கான பணத்தை முதலாம் ஆண்டிலிருந்தே ஒதுக்கவேண்டும்.

2015ஆம் ஆண்டு எனக்கு நியமனம் கிடைத்தது. நியமனக் கடிதம் கைக்கு வந்த மாதத்திலேயே சம்பளம் வந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்கவேண்டாம். ஆசிரியரின் பெயரில் கோவை (கோப்பு) திறக்கப்பட்டு, சம்பளப் பட்டியலில் பெயர் ஏறுவதற்குச் சில மாதங்கள் ஆகலாம். நிலுவை பின்னர் சேர்ந்து வரும். அதுவரை புதிய இடத்தில் வாடகையும் சாப்பாடும் கைக்காசில்தான். இந்த இடைவெளியில் நகையை அடகு வைத்தும் சீட்டை முன்கூட்டி எடுத்தும் சமாளித்த இளம் ஆசிரியைகள் பலரை நான் அறிவேன். படிப்பு முடியும்போது கையில் மூன்று மாதச் செலவுக்கான பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது படிப்புச் செலவின் ஒரு பகுதியாகவே கருதப்படவேண்டும்.

என்னோடு ஒரே வகுப்பில் படித்த ஒரு தோழி பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்தாள். அவளுடைய பாதையை நான் மிக அருகிலிருந்து பார்த்ததால், இரண்டையும் நேர்மையாக ஒப்பிட முடியும் என்று நம்புகிறேன். அவளுக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தது. ஆனால் முதற் தவணை சேர்ந்தவுடன் வருவதில்லை. வந்தாலும் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது முழுமையாகப் போதாது. மகாபொல தொகை 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தின்படி 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதையும் இன்றைய அறை வாடகையோடு வைத்துப் பார்த்தால், மிகுதியை வீடுதான் அனுப்பவேண்டும் என்பது தெளிவாகும். அவள் மூன்றாண்டுப் பொதுக் கலைமாணிப் பட்டத்தை முடித்த பின், அரசாங்கம் பட்டதாரிகளை எப்போது உள்வாங்கும் என்று காத்திருக்க நேர்ந்தது. அந்த ஆண்டுகளில் நகரத்தில் ஒரு தனியார் முன்பள்ளியிலும் ஒரு தொலைபேசிக் கடையிலும் வேலை செய்தாள். 2020ஆம் ஆண்டில் 20,000 ரூபா மாதக் கொடுப்பனவுடன் பட்டதாரிப் பயிலுநராக எடுக்கப்பட்டு, பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பாடசாலையொன்றில் இணைக்கப்பட்டாள். வகுப்பறையில் கற்பிக்கிறாள், ஆனால் ஆசிரியர் சேவையில் இல்லை. அந்தச் சேவைக்குள் உள்வாங்கக் கோரி அவளைப் போன்ற பட்டதாரிகள் நாடு முழுவதும் இன்றும் குரல் எழுப்பி வருகிறார்கள்.

அவள் முதற் கொடுப்பனவைப் பெறும்போது நான் ஐந்து ஆண்டுச் சம்பளத்தை எடுத்து முடித்திருந்தேன். அம்மாவின் தோடு மீண்டிருந்தது. தம்பியின் உயர்தரச் செலவை நான் பார்த்துக்கொண்டேன். பணத்தைப் பொறுத்தவரை விடை தெளிவானது. ஆனால் அவளுக்குக் கிடைத்த சிலது எனக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். நூலகத்தில் கழித்த நாட்கள், பல மாவட்டத்துப் பிள்ளைகளோடு பழகிய பழக்கம், ஒரு பாடத்தை அடிமட்டம் வரை படித்த ஆழம் ஆகியவை அவளிடம் இருக்கின்றன. உயர்தர மாணவருக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கும்போது அந்த ஆழம் தெரிகிறது. வீட்டில் இன்னொருவர் நிலையான வருமானம் கொண்டவராக இருந்து, பிள்ளைக்கும் பாடத்தில் உண்மையான பற்று இருந்தால், பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்ய நான் ஒருபோதும் தடைசொல்வதில்லை. எந்தப் பட்டம், எந்தப் பாடங்கள் என்பதை மட்டும் கண்டிப்பாகக் கேட்கிறேன்.

ஏனெனில், ஆசிரியராக விரும்புபவருக்குக் கலைமாணிப் பட்டமும் கல்விமாணி (பி.எட்.) பட்டமும் ஒரே பெறுமதி உடையவை அல்ல. கல்விமாணிப் பட்டம் பட்டமாகவும் தொழிற்தகைமையாகவும் சேர்ந்தே கணிக்கப்படுகிறது. கலைமாணி, விஞ்ஞானமாணிப் பட்டங்களோடு ஆசிரியரானவர் பின்னர் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவையும் முடிக்கவேண்டும். அதற்குத் தனியாகக் கட்டணம் உண்டு. வார இறுதிகளில் கண்டிக்கோ கொழும்புக்கோ போய்வரும் செலவும் உண்டு. ஆகவே ஒரு கலைமாணிப் பட்டத்தின் விலையைக் கணக்கிடும்போது இந்த டிப்ளோமாவின் விலையையும் சேர்த்தே கூட்டவேண்டும். பலர் இதைக் கூட்டுவதில்லை. கல்விமாணிப் பட்டம் பெற்றவருக்கும் நியமனம் தானாக வந்துவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு மாகாணமோ மத்திய அரசாங்கமோ விண்ணப்பம் கோரி, போட்டிப் பரீட்சை வைத்து, அதன் பிறகே இடம் கிடைக்கும். கல்வியியற் கல்லூரியின் தனிச்சிறப்பு என்னவென்றால், அங்கே அனுமதியே வெற்றிடங்களை முன்வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது; முடித்தவர்கள் தொகுதியாக இலங்கை ஆசிரியர் சேவைக்கு நியமிக்கப்படுகிறார்கள்.

இதை எண்களில் வைத்துப் பார்ப்போம். பின்வருவது எவருடைய உண்மைச் சம்பளமும் அல்ல. கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள். ஒரு புதிய ஆசிரியரின் கைக்கு மாதம் 55,000 ரூபா வருகிறது என்று கொள்வோம். பட்டதாரியாக நுழைபவர் உயர்ந்த சம்பளப் படிநிலையில் சேர்வதால் அவருக்கு மாதம் 8,000 ரூபா அதிகம் வருகிறது என்றும், ஆனால் அவர் வேலைக்கு வர மூன்று ஆண்டுகள் கூடுதலாகச் செல்கின்றன என்றும் கொள்வோம். மூன்று ஆண்டுகளில் அவர் இழப்பது 36 மாதச் சம்பளம், அதாவது 19 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. மாதம் 8,000 ரூபா வீதம் அதை ஈடுசெய்ய 247 மாதங்களுக்கு மேல் ஆகும். அதாவது இருபது ஆண்டுகளைத் தாண்டும். வித்தியாசம் 5,000 ரூபாவாக இருந்தால் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேண்டும். இவற்றில் அந்த மூன்று ஆண்டுகளுக்கான அறை வாடகையோ, அதற்காக வாங்கிய கடனின் வட்டியோ சேர்க்கப்படவில்லை. காத்திருக்கும் காலம் ஓர் ஆண்டு மட்டுமே என்றால் இதே கணக்கு முற்றிலும் மாறிவிடும்: 6 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாவை 8,000 வீதம் ஏழு ஆண்டுகளுக்குள் மீட்டுவிடலாம். ஆகவே பட்டம் பெறுமதியானதா என்ற கேள்விக்கு விடை பட்டத்தின் பெயரில் இல்லை; அதற்கும் நியமனத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியிலேயே இருக்கிறது.

தேயிலை மலையில் புதுக்கன்று வைக்கும் தோட்ட நிர்வாகம், கொழுந்து எடுக்கும் வரை செல்லும் ஆண்டுகளின் செலவையும் மலையின் கணக்கிலேயே எழுதுகிறது. நம் பிள்ளைகளின் படிப்புக்கும் அதே கணக்குப் புத்தகம் தேவை.

இந்த இடைவெளி நம் கையில் மட்டும் இல்லை என்பது கடந்த சில ஆண்டுகளில் வெளிப்படையாகத் தெரிந்தது. 2021ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் தொடங்கியது. 2022ஆம் ஆண்டுக்கானது 2023ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கும், 2023ஆம் ஆண்டுக்கானது 2024 ஜனவரிக்கும் தள்ளிப்போயின. பரீட்சை பிந்தினால் பெறுபேறு பிந்தும், பல்கலைக்கழக அனுமதிக்கான ஆகக் குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளி பிந்தும், எல்லா அனுமதிகளும் பிந்தும். அந்தக் காலத்தில் விலைவாசியும் நிற்கவில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. 2019இல் "மாதம் இவ்வளவு போதும்" என்று எழுதிவைத்துப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் 2022இல் திணறின. என் மாணவி ஒருத்தி இரண்டாம் ஆண்டில் அறையை விட்டுவிட்டு, கண்டியில் ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அங்கேயே தங்கிப் படித்தாள். அதனால், எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும், வந்த தொகையோடு மூன்றில் ஒரு பங்கை மேலதிகமாகக் கூட்டி எழுதுங்கள் என்று இப்போது சொல்கிறேன்.

வருமானப் பக்கமும் நகர்ந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டில் ஆசிரியர்களும் அதிபர்களும் மாதக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் பயனாக 2022 ஜனவரி முதல் சம்பளத்தில் ஓர் உயர்வு கிடைத்தது. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தி, அந்த உயர்வை 2025 ஏப்ரல் முதல் 2027 ஜனவரி வரை கட்டம் கட்டமாக வழங்குவதாக அறிவித்தது. தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும் பெற்றோர், ஆசிரியச் சம்பளத்தின் பெறுமதி அதன் தொகையில் மட்டும் இல்லை என்பதை விரைவில் உணர்கிறார்கள். மழை பெய்தாலும் அது குறைவதில்லை; பிரசவ விடுமுறையிலும் வருகிறது; அதைக் காட்டி வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் பெறலாம். அடகுக் கடைக்கும் நுண்கடன் நிறுவனத்துக்கும் போகாமல் இருப்பதால் மிஞ்சும் வட்டிப் பணத்தையும் வருமானமாகவே நான் எழுதுகிறேன்.

நானும் பின்னர் பட்டம் பெற்றேன். சேவையில் உறுதிப்படுத்தப்பட்ட பின், 2018ஆம் ஆண்டில், சேவையிலுள்ள ஆசிரியர்களுக்காகத் தேசிய கல்வி நிறுவகம் நடத்தும் கல்விமாணிக் கற்கையில் சேர்ந்தேன். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் கல்விமாணிக் கற்கைகளை நடத்துகிறது. அதற்குக் கண்டியில் பிராந்திய நிலையம் இருப்பதால் மலையகத்தவருக்கு அதுவும் எட்டக்கூடியதே. இரண்டும் கட்டணம் உள்ளவை. ஆனால் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது கட்டிய கட்டணம் அது. அதற்காகக் கடன் வாங்கவில்லை. சனி, ஞாயிறுகளில் வகுப்பு, விடியற்காலை பஸ். என் பிள்ளை சிறியவளாக இருந்ததால் அம்மா அந்த நாட்களில் எங்களோடு வந்து தங்கினார். கொவிட் காலத்தில் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது போக்குவரத்துச் செலவு குறைந்து டேட்டாச் செலவு கூடியது.

அந்தப் பட்டத்தால் சம்பளம் எவ்வளவு உயர்ந்தது என்று இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். சம்பளப் படிநிலை மாறியது உண்மை. ஆனால் உடனடியாகக் கைக்கு வந்த மேலதிகத் தொகை பெரிதல்ல. அதை மட்டும் பார்த்தால் கட்டணத்தையும் பஸ் காசையும் மீட்கவே சில ஆண்டுகள் சென்றன. பட்டத்தின் உண்மையான வருமானம் பின்னால்தான் வருகிறது: பதவி உயர்வுக்கு வழி இலகுவாகிறது, பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாத கல்வி நிர்வாக சேவை போன்ற சேவைகளின் போட்டிப் பரீட்சைகளுக்குத் தோற்ற முடிகிறது, முதுமாணிக் கற்கைக்கு வழி உண்டாகிறது. ஆகவே நாற்பது வயதுக்கு முன்னரே அதை முடித்துவிடுவது நல்லது. ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும்போது பெரும் கட்டணம் செலுத்திப் பட்டம் பெறுவது அறிவுக்காக என்றால் மனமார வாழ்த்துவேன்; சம்பளத்துக்காக என்றால் வேண்டாம் என்பேன்.

இனி, எனக்கு மிகுந்த மனவருத்தம் தரும் பகுதிக்கு வருகிறேன். கடந்த ஆண்டு ஒரு தகப்பனார் வண்ணத் துண்டுப்பிரசுரம் ஒன்றோடு வந்தார். மகளுக்கு உயர்தரத்தில் மூன்று சித்திகள். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. ஒரு தனியார் நிறுவனம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கல்வியியல் பட்டத்தைத் தவணை முறையில் வழங்குவதாகவும், முடித்தவுடன் "அரசாங்கப் பாடசாலைகளிலும் சர்வதேசப் பாடசாலைகளிலும் வாய்ப்பு" என்றும் அச்சிட்டிருந்தது. அவர் தன் ஈ.பி.எப். பணம் முழுவதையும் கொடுக்கத் தயாராக இருந்தார். முப்பது ஆண்டுக்கும் மேலான உழைப்பு அது.

"சேர்ற அன்னைக்கே பாதிக் காசு கட்டணுமாம் டீச்சர். ஆனா புள்ளைக்கு வேல நிச்சயமாம்."

"யாருண்ணே நிச்சயம்னு சொன்னாங்க? எழுத்துல குடுத்தாங்களா?"

"வாயாலதான் சொன்னாங்க."

நாங்கள் இருவரும் அமர்ந்து சில கேள்விகளை எழுதினோம். அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? இந்தக் குறிப்பிட்ட பட்டம் இலங்கை ஆசிரியர் சேவைக்கான ஆட்சேர்ப்பு வர்த்தமானியில் (அரசாங்க அறிவித்தலில்) கேட்கப்படும் தகைமையோடு பொருந்துகிறதா? ஏனெனில், பல்கலைக்கழகம் ஏற்கப்பட்டிருப்பது மட்டும் போதாது. வேலைக்கு எடுப்பவர் கேட்கும் தகைமையும் அதுவாக இருக்கவேண்டும். கற்கை மொழி எது? ஆங்கில மொழிமூலம் என்றால் பிள்ளை தாங்குவாளா? இடையில் நின்றால் பணம் திரும்புமா? கட்டணம் ரூபாவிலா, வெளிநாட்டு நாணயத்திலா? 2022இல் டொலரின் விலை ஏறியபோது வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் கட்டியவர்கள் பட்ட பாட்டை நான் கண்டிருக்கிறேன். கடைசியாக, அங்கே படித்து முடித்து இப்போது கற்பிக்கும் இருவரோடு நாமே பேச முடியுமா? அவர் இவற்றைக் கொண்டுபோய்க் கேட்டார். ஒன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைக்கவில்லை. ஈ.பி.எப். பணம் வங்கியில் நிலையான வைப்பிலேயே இருக்கிறது.

தனியார் கற்கை எல்லாமே பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அங்கீகாரம் பெற்ற அரசசார்பற்ற பட்டமளிப்பு நிறுவனங்களில் தெரிவுசெய்யப்பட்ட கற்கைகளைப் படிக்க, பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத மாணவருக்கு அரசாங்கம் வட்டியில்லாக் கடன் திட்டமொன்றை 2017ஆம் ஆண்டு முதல் நடத்துகிறது. அதற்கான விண்ணப்பம் கோரப்படும் காலத்தைக் கவனித்திருப்பது, நகைக்கடனையோ வாராந்தத் தவணை கேட்கும் நுண்கடனையோ நாடுவதை விட எவ்வளவோ மேல். வட்டியில்லாக் கடனும் கடன்தான்; எனவே வேலை கிடைக்காத ஓராண்டில் அந்தத் தவணையை யார் கட்டுவது என்பதைக் கையொப்பமிடும் முன்பே வீட்டில் பேசி முடிவெடுக்கவேண்டும்.

முன்பள்ளி ஆசிரியைக்கான டிப்ளோமாக்களைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் நகரங்களில் சுவருக்குச் சுவர் அந்த விளம்பரங்கள் இருக்கின்றன. அந்தப் பணி மிக மதிப்புக்குரியது. ஆனால் முன்பள்ளி ஆசிரியை இலங்கை ஆசிரியர் சேவைக்கு உட்பட்டவர் அல்லர். வருமானம் மிகச் சிறியது. பெரும் கட்டணம் கட்டி அதைப் படிப்பதற்கு முன், அருகிலுள்ள முன்பள்ளி ஆசிரியை ஒருவரிடம் அவருக்கு மாதம் கைக்கு என்ன வருகிறது என்று கேட்டுவிடுங்கள்.

குறைந்த கொடுப்பனவில் நீண்டகாலம் நிற்பது எப்படிப்பட்டது என்பதற்கு மலையகத்தில் தொலைவில் உதாரணம் தேடவேண்டியதில்லை. தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக எடுக்கப்பட்ட எங்கள் இளைஞர்கள் முதலில் 6,000 ரூபா, பின்னர் 10,000 ரூபா மாதக் கொடுப்பனவில், முழு ஆசிரியரின் வேலையைச் செய்தார்கள். கொட்டகலை ஆசிரியர் கலாசாலை போன்ற இடங்களில் பயிற்சியை முடித்த பிறகே சேவைக்குள் உள்வாங்கப்பட்டார்கள். அவர்களில் பலர் இன்று சிறந்த ஆசிரியர்கள். ஆனால் அந்த ஆண்டுகளை அவர்களுடைய பெற்றோரின் நாட்சம்பளமே சுமந்தது. "உள்ளே போய்விட்டால் பிறகு சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், எத்தனை ஆண்டுகளில், எந்தச் சுற்றறிக்கையின்படி என்று கேளுங்கள். கல்வியியற் கல்லூரிகளைப் பட்டம் வழங்கும் நிறுவனங்களாக மாற்றும் பேச்சும் நெடுநாளாக இருக்கிறது. அது நடந்தால் நான் மிகவும் மகிழ்வேன். ஆனால் வர்த்தமானியில் வந்ததை வைத்து மட்டுமே திட்டமிடவேண்டும்.

பாடத் தெரிவு பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு முழுமையாகாது. தமிழ்மொழிமூலக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு மலையகத்தில் ஆசிரியர் பற்றாக்குறை நீண்டகாலமாக இருக்கிறது. அந்தப் பாடங்களில் தகைமை பெற்றவருக்குக் காத்திருப்பும் குறைவு, வீட்டுக்கு அருகில் இடம் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். மஸ்கெலியாப் பிள்ளை பொகவந்தலாவையில் கற்பித்தால் அறை வாடகை இல்லாமலே சமாளிக்கலாம். வேறொரு மாகாணத்தில் முதல் நியமனம் கிடைத்தால் சம்பளத்தின் பெரும்பங்கு வாடகைக்கும் பயணத்துக்குமே போய்விடும். ஒரே சம்பளம், ஆனால் கைக்கு மிஞ்சுவது வேறு. மேலதிக வகுப்பு வருமானத்தைச் சிலர் முன்கூட்டியே கணக்கில் சேர்க்கிறார்கள். நான் அதைச் சேர்ப்பதில்லை. காலையில் நம்மிடம் இலவசமாகப் படிக்கவேண்டிய தோட்டத்துப் பிள்ளையிடமே மாலையில் காசு வாங்குவதை ஒரு வருமானத் திட்டமாக எழுத என் மனம் ஒப்பவில்லை.

அந்தத் தகப்பனாரின் மகள் இப்போது இரண்டாம் முறை உயர்தரம் எழுதிவிட்டு, கல்வியியற் கல்லூரிக்கான விண்ணப்ப அறிவித்தலை எதிர்பார்த்திருக்கிறாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் கைவிடவில்லை. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கவேண்டும். ஒன்றின் முடிவுக்காகக் காத்திருந்து மற்றதன் இறுதித் திகதியைத் தவறவிட்ட பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இதற்கிடையில் அவளை ஒரு வேலைக்கு அனுப்பினேன்: பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பரீட்சைச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது. தோட்டத்தில் பதியப்பட்ட பல பிறப்புகளில் தகப்பன் பெயரின் எழுத்துகள் மாறிக் கிடக்கின்றன. அதைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் அலைவது நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த வாரத்தில் முடியாத காரியம். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் ஓரெழுத்து மாறியிருந்தது. திருத்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.